தீவனச் சோளம்: இடைவெளியையும் யூரியாவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்

மாட்டுக்குச் சோளம் (மக்காச்சோளம்) போடுகிற பலர் கதிருக்குப் போடுகிற மாதிரியே இரண்டடிக்கு ஒரு அடி விட்டு நடுகிறார்கள். ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 2720 சதுர அடி, அதில் 1360 கன்றுதான் நிற்கும். கதிர் முறிக்க அது சரி, ஆனால் நமக்கு வேண்டியது இலையும் தண்டும். வரிசைக்கு வரிசை ஒரு அடி, கன்றுக்குக் கன்று அரை அடி வையுங்கள், அதே பரப்பில் 5400 கன்று வரும், விதை ஒன்றரைக் கிலோ போதும். கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு விதையைக் குத்தினால் வரிசை பிசகாது. மண்வெட்டியால் களை கொத்துகிறவர்களுக்கு ஒன்றரை அடி வரிசை வசதி.

நெருக்கி நட்டால் தண்டு மெல்லிதாக வரும், மாடு மிச்சம் வைக்காமல் தின்னும். அதற்காக இன்னும் நெருக்காதீர்கள், கீழ் இலைக்கு வெயில் படாமல் பழுத்துவிடும், காற்றுக்குச் சாயும்.

இப்போது யூரியா. இதை இடைவெளியோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நெருக்கி நட்டுப் பசளையைக் குறைத்தால் எல்லாக் கன்றும் பட்டினி கிடக்கும், அகட்டி நட்டு அள்ளிப் போட்டால் எடுக்க வேர் இல்லாமல் வீணாகும். ஹெக்டயருக்கு 120 கிலோ நைதரசன் என்று வைத்தால், யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் இருப்பதால், பரப்புக்கு ஆறரைக் கிலோ வரும். விதைக்கும்போது ஒரு பங்கு, மூன்றாம் கிழமை ஒரு பங்கு, ஐந்தாம் கிழமை ஒரு பங்கு. மாட்டெரு நன்றாகப் போட்டிருந்தால் முதல் பங்கைத் தாராளமாகக் குறைக்கலாம். மூன்றாம் கிழமை கீழ் இலையைப் பாருங்கள்: நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியே உள்நோக்கிக் கூராக மஞ்சள் இறங்கினால் நைதரசன் போதவில்லை. விளிம்புதான் கருகுகிறது என்றால் அது பொட்டாசியக் குறை, அதற்கு யூரியா மருந்தல்ல.

யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் யூரியாவை மேலே தூவிவிட்டுப் போனால் நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். கன்றிலிருந்து மூன்று விரல் தள்ளிக் கீறி, இரண்டு அங்குல ஆழத்தில் போட்டு மூடி, அன்றைக்கே அளவாக இறையுங்கள். கூட இறைத்தாலும், மாரி மழைக்கு முன் போட்டாலும் அது மண்ணுக்கு அடியில் உள்ள சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பாகக் கிணற்றில் சேரும். தோட்டத்துக்கு இறைக்கிற கிணற்றுத் தண்ணீரைத்தான் எத்தனையோ வீட்டில் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். நைத்திரேற்றுக் கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற வலுவை இழக்கும். அதனால்தான் மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறேன்.

பூத்துப் பால் பிடிக்கிற பருவத்தில், 60 முதல் 70 நாளுக்குள் வெட்டலாம். யூரியா போட்ட கையோடு வெட்டிப் போடாதீர்கள். பயிர் வாடிக் கிடந்து திடீரென்று மழை பெய்தாலும் ஒரு கிழமையாவது பொறுங்கள், வெட்டும்போது அடித்தண்டில் அரை அடியை நிலத்திலேயே விடுங்கள், மாட்டுக்கு நஞ்சாகிற நைத்திரேற்று அங்கேதான் தேங்கி நிற்கும்.