பனிமூட்ட ஊரில் ரெசின் மினியேச்சர்: பெயிண்டுக்கு முன் நடக்கும் தவறுகள்

ஹட்டனில் ஒரு ஜூலை மாலை. முதன்முதலாக ஒட்டி முடித்த குட்டி ரெசின் குதிரைவீரன் பொம்மைக்கு இஸ்தோப்பில் நின்று பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்திய அடிப்பூச்சு, அடித்தேன். மழை விட்டிருந்தது, ஆனால் தேயிலைச் சரிவிலிருந்து மூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. காய்ந்ததும் பார்த்தால் குதிரையின் முதுகு முழுக்க மணல் தூவியது போலச் சொரசொரப்பு. சில நாள் கழித்து வாள் பக்கம் விரல் பட்டதும் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. சொரசொரப்புக்குக் காரணம் காற்றிலிருந்த ஈரம். உரிந்ததற்குக் காரணம், நான் துண்டுகளைக் கழுவவே இல்லை.

வார்ப்பு ரெசின் பெரும்பாலும் பொலியூரிதேன். அதைச் சிலிக்கோன் அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். துண்டு இலகுவாகக் கழன்று வர அச்சில் ஒரு வழுக்கும் தன்மையுள்ள பொருளைப் பூசுவதுண்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் துண்டின் மேல் தங்கிவிடும். அதன்மேல் பெயிண்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் ஆடை மடிப்பு, முடி இடுக்கு எல்லாம் மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். சின்னத் துண்டுகள் தண்ணீரோடு போய்விடும். அதற்குத் தேத்தண்ணி வடி ஒன்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், அப்புறம் அது சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

நம் குழாய்த் தண்ணீரில் கை விறைத்துப்போகும் என்பதால் கேத்தல் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ஆனாலும் மெல்லிய வாளும் ஈட்டியும் வளைய அந்தச் சூடு தாராளம். பொதியிலேயே வளைந்து வந்த ஈட்டியை நிமிர்த்த மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்: சில விநாடி சுடுதண்ணியில் பிடித்து, நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும்.

இங்கே அதிகம் கெட்டுப்போவது உலர்த்தும் இடத்தில்தான். மூட்டம் கட்டிய வாரத்தில் துவைத்த சட்டையே இரண்டு, மூன்று நாள் காயாமல் கிடக்கும். மினியேச்சரின் பொருத்துக் குழியில் நின்ற தண்ணீர் மட்டும் ஒரு மணி நேரத்தில் போய்விடுமா? மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, குழிகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, ஒரு முழு நாள் விடுங்கள். அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே வைக்க வேண்டாம். சூட்டில் வளையும், விறகடுப்பென்றால் புகையும் படியும்.

ஊற்றுவாயை, அதாவது ரெசின் ஊற்றிய வழியில் துண்டோடு இறுகி நிற்கும் மிச்சத்தை, வெட்டும்போது துண்டோடு ஒட்டக் கத்தரிக்காதீர்கள். ரெசின் உடையும் தன்மையுள்ளது. கட்டர் அழுத்தினால் துண்டிலிருந்தே ஒரு சில்லு பெயர்ந்து வரும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேயுங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் மெல்லிய வரியைக் கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். ரெசின் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்குக் கெடுதி. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு தேய்ப்பது நம் பக்கத்துப் பழக்கம். லயன் அறையில் சமையலும் படுக்கையும் பக்கத்திலேயே இருக்கும், பிள்ளைகளும் அங்கேதான். சாண்ட் பேப்பரை நனைத்து, என்95 முகக்கவசம் போட்டு, இஸ்தோப்பில் உட்கார்ந்து தேயுங்கள். பிறகு ஈரத் துணியால் துடைத்து, துண்டை இன்னொரு முறை கழுவுங்கள்.

திரீடி பிரிண்டரில் எடுத்த துண்டென்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். நைட்ரைல் கையுறை போட்டு, ஐசோபுரோபைல் அல்கஹோலில் அலசி, பிறகு புற ஊதா வெளிச்சத்தில் இறுக்க வேண்டும். அலசிய அல்கஹோலைக் கானில் ஊற்றாதீர்கள். கீழ் லயத்தில் ஒருவர் குளிக்கும் பீலிக்கு அது போய்ச் சேரலாம். கண்ணாடிப் போத்தலில் வெயிலில் வைத்தால் கரைந்திருக்கும் ரெசின் இறுகி அடியில் படியும். அதை வடித்தெடுத்துக் குப்பைக்கு அனுப்பலாம்.

ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் கிட் பசை உதவாது. அது பொலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது, ரெசினைக் கரைக்காது. சுப்பர் குளூ வேண்டும், அதுவும் ஒரு துளிதான். ஈரக் காற்றில் அது வெள்ளைப் படலம் விடும், கூடுதலாக ஊற்றினால் படலமும் கூடும். கனமான கைகால்களுக்கு 1 மில்லிமீற்றர் துளையிட்டுக் கம்பி செருகுங்கள்.

கடைசியாக, ஸ்பிரே பிரைமர். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் நல்லது. காலைக் குளிர் இறங்கி, வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வருடக் கடைசியில் மழை, நடுவில் வறட்சி, ஆகவே அங்கே ஜூன், ஜூலைதான் தோது. டப்பா குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள், சுடுதண்ணி கூடவே கூடாது, வெடிக்கும். மழை விடாத மாதங்களில் ஸ்பிரேயை மூடி வைத்துவிட்டு, பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமரை வீட்டுக்குள்ளேயே மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசுகிறேன். முதல் பூச்சுக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஓர் இரவு விடுகிறேன்.