பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச்: வீல் நட்டில் செய்யக்கூடாதவை

செங்கோட்டையிலிருந்து புளியரை வரை ரோட்டோர டயர் கடைகளில் இப்போது கம்ப்ரஸர் ஓஸை இழுத்துக்கொண்டு ஓடுவது குறைந்துவிட்டது. பையன்கள் கையில் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச், அதாவது அடி கொடுத்து நட்டைத் திருப்பும் மிஷின். சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் ஆன்லைனில் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்கிறார்கள். நல்லதுதான். மழைக்காலத்தில் தென்மலை, ஆரியங்காவுப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் நட்டு துருவேறி இறுகிக் கிடக்கும். ஸ்பேனரில் பைப்பை மாட்டி ஏறி மிதித்துக் கழற்றியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள். சார்ஜ் போட மறப்பது, சுவிட்சைத் திருப்பாமல் அமுக்குவது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு.

பெட்டியில் போட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குவது

88, 128 என்று பெரிய எழுத்தில் போட்டு மலிவாக விற்கிறார்கள். 18 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே 3.6 வோல்ட் லித்தியம் செல் ஐந்து வரிசையாக இருக்கும். முழுச் சார்ஜில் அதே பேட்டரி 21 வோல்ட் காட்டும். அதனால் 18, 20, 21 எல்லாம் ஒரே சாதிதான். 88 என்று எழுதிய மிஷினைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே ஐந்து செல் வரிசைதான் இருக்கும்.

பார்க்க வேண்டியது டார்க், அதாவது திருப்பும் விசை. அதிலும் கழற்றும் டார்க், முடுக்கும் டார்க் என்று இரண்டு கணக்கு உண்டு; விளம்பரத்தில் வருவது பெரிதாக இருக்கும் கழற்றும் கணக்கு. காருக்கு அரை இன்ச் சதுர முனையும், கழற்ற 400 முதல் 600 நியூட்டன் மீட்டரும் தாராளம். ஸ்க்ரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவரை வாங்கிவிட்டு நட்டு அசையவில்லை என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு மிஷின், முனை அறுகோணமாக இருக்கும். லாரி வீலுக்கு அரை இன்ச் மிஷின் வேண்டாம். முக்கால் இன்ச்சோ ஒரு இன்ச்சோ வேண்டும். அப்புறம், அந்தக் கம்பெனி பேட்டரி தென்காசியிலோ திருநெல்வேலியிலோ தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

முடுக்குவதையும் மிஷினிடமே விடுவது

இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான்.

குற்றால சீசனில் கொல்லம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. புளியரை எஸ் வளைவில் பஞ்சர், மழை வேறு. டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, எல் ஸ்பேனர் எல்லாம் இருக்கிறது. ஆனால் நட்டு அசையவில்லை. அவர் ஸ்பேனர் மேல் ஏறி நின்றிருக்கிறார், ஒரு நட்டின் முனை மழுங்கிவிட்டது. லாரிகள் உரசிக்கொண்டு போகிற வளைவில், குழந்தைகளைத் தடுப்புச்சுவர் ஓரமாக நிற்க வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போய்க் கழற்றும்போது ஒரு ஸ்டட் (வீல் நட்டு ஏறும் மரைக்கம்பி) முறிந்தது, இன்னொன்றில் மரை இழுபட்டிருந்தது. கொஞ்ச நாள் முன்னால் ஏதோ ஒரு கடையில் டயரை முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அங்கே முழு வேகத்தில் மிஷினை வைத்து, அது நிற்கும் வரை அமுக்கியிருக்கிறார்கள்.

சின்னக் கார்களின் வீல் நட்டுக்குத் தேவை பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓனர் மேனுவலில் இருக்கும். 500 தரக்கூடிய மிஷினை அதன்மேல் வைத்து மூன்று விநாடி கூடுதலாக அமுக்கினால் ஸ்டட் இழுபடும். இழுபட்ட ஸ்டட்டின் பிடிப்பை நம்ப முடியாது, பார்வைக்கும் தெரியாது. அலாய் வீலில் நட்டு உட்காரும் குழி சேதமாகும். ஒரு நட்டு அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இறுகினால் பிரேக் டிஸ்க் கோணலாகப் பிடிக்கும். கொஞ்ச நாளில், கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். வண்டிக்காரர் டிஸ்க்கையும் பேடையும் மாற்றிச் செலவழிப்பாரே தவிர, நட்டு முடுக்கியவனை நினைக்கவே மாட்டார்.

"ஒண்ணாம் ஸ்பீடில்தானே வைத்தேன் அண்ணாச்சி" என்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பது பெரும்பாலான மிஷின்களில் வேகமும் அடியும்தான், அளவு கிடையாது. பேட்டரி நிறைந்திருக்கிறதா, நடுவில் எக்ஸ்டென்ஷன் கம்பி இருக்கிறதா, எத்தனை நேரம் அமுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து டார்க் மாறும்.

முறை இதுதான். வீல் உட்காரும் ஹப் முகத்தில் துருவும் மண்ணும் இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். நட்டை விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்குப் போகாத நட்டு மிஷினுக்கும் போகக்கூடாது, மரை குறுக்கே ஏறிவிடும். மரையில் கிரீஸோ ஆயிலோ தடவாதீர்கள். அதே டார்க்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். பிறகு வேண்டுமானால் மிஷினைக் குறைந்த வேகத்தில் வைத்து, நட்டு வீலைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஜாக்கியை இறக்குங்கள். டார்க் ரெஞ்சில் அளவு வைத்து, எதிரெதிர் நட்டாகப் பார்த்து 'க்ளிக்' என்றதும் விட்டுவிடுங்கள். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைகிற வரிசை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். மிஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் டார்க் ரெஞ்சுக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரியவே இல்லை.

பளபளக்கும் சாக்கெட்

கையால் திருப்பும் குரோம் சாக்கெட் (நட்டைக் கவ்வும் கிண்ணம்) மிஷின் அடி தாங்காது; வெடித்துச் சில்லு தெறிக்கும். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் மட்டும் போடுங்கள். மாருதியில் பெரும்பாலும் 19 எம்எம், ஹூண்டாயில் 21. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டிரிகரைத் தொடாதீர்கள். காதுக்கும் ஏதாவது வையுங்கள். வீல் வளையத்துக்குள் அந்தச் சத்தம் 100 டெசிபலைத் தொடும்.

கழுத்தில் துண்டு, கையில் தொளதொள கையுறை

சுற்றுகிற சாக்கெட் இரண்டையும் இழுத்துக்கொள்ளும். ஓடும் சாக்கெட்டை விரலால் பிடித்து வழிகாட்டுவதும் அதே ஆபத்துதான்.

ஜாக்கியை மட்டும் நம்புவது

ஸ்டாண்டு வையுங்கள், எதிர் வீலுக்குக் கட்டை போடுங்கள்.

இடது மரை

பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்க வீலுக்கு இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால் கழலும் மரை இருக்கும். ஸ்டட் முனையில் 'எல்' என்று குத்தியிருப்பார்கள். பார்க்காமல் வழக்கமான பக்கம் அடித்தால் கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டே போவீர்கள், கடைசியில் ஸ்டட் முறியும்.

பேட்டரியை வெயிலில் விடுவது

மூடிய டிக்கியில் நாள் முழுக்க விடாதீர்கள். வேலை முடிந்து கொதிக்கிற பேட்டரி ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள்.

ஸ்பார்க் பிளக், ஆயில் ட்ரெயின் போல்ட்

அங்கே முடுக்க இந்த மிஷின் வேண்டவே வேண்டாம்.