கர்ப்பகால மாத்திரைகள்: சாப்பிடுவதிலும் நிறுத்துவதிலும் நடக்கும் தவறுகள்

டெஸ்டில் இரண்டு கோடு தெரிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், அதுவரை சாப்பிட்டு வந்த மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிடுவது. பிள்ளைக்கு ஆகாது என்ற பயம். தைராய்டு மாத்திரையைப் பொறுத்தவரை நிறுத்துவதுதான் ஆகாது. முதல் மூன்று மாதம் கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் நடக்கிறது. அளவைக் கூட்டவே பெரும்பாலும் வேண்டியிருக்கும். வலிப்பு மாத்திரையையும் திடீரென விடக்கூடாது. ஆனால் சோடியம் வால்புரோயேட் கருவின் முதுகுத்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே நரம்பு மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பிரஷருக்கு எனலாபிரில், டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்கள் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். இவை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லேபெட்டலால், நிஃபெடிபின் என்று மாற்றித் தருவார்கள்.

அடுத்தது வலி மாத்திரை. இடுப்பு வலி என்று வீட்டுக்காரர் மெடிக்கலுக்குப் போவார். யாருக்கு என்று கடையில் கேட்கமாட்டார்கள், இவரும் சொல்லமாட்டார். நாலு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடும். அந்த நாலிலும் பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக்கோ ஐபுபுரோஃபெனோ சேர்ந்திருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு அசிக்ளோஃபெனாக்கும் ஐபுபுரோஃபெனும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். 30 வாரத்தை ஒட்டி, பிறந்த பிறகு மூட வேண்டிய இதய ரத்தக்குழாய் வயிற்றுக்குள்ளேயே சுருங்கலாம். வலிக்குத் தடவும் ஜெல்லிலும் இதே வகை டைக்ளோஃபெனாக் உண்டு, அதையும் கேட்காமல் தடவாதீர்கள். கர்ப்பிணிக்கு என்று சொல்லி, பாரசிட்டமால் 500 மி.கி. மட்டும் உள்ளதாகக் கேளுங்கள். ஒரு வேளைக்கு ஒன்று, ஆறு மணி நேர இடைவெளி. காய்ச்சலோ வலியோ இரண்டு நாளில் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். அதேசமயம், பிரஷர் ஏறாமலிருக்க மருத்துவரே எழுதிய குறைந்த அளவு ஆஸ்பிரினை இதே பயத்தில் விட்டுவிடாதீர்கள்.

சத்து மாத்திரைகளை மொத்தமாக ஒரே வாயில் போடுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். இரண்டும் தைராய்டு மாத்திரையைத் தடுக்கும். இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு, 11 மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு, மதியமும் இரவும் சாப்பாட்டோடு கால்சியம். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது இந்த மாத்திரையால்தான், பயந்து நிறுத்தாதீர்கள். குமட்டினால் இரவு படுக்கும்முன் மாற்றிப் பாருங்கள். அப்போது இரவுக் கால்சியத்தோடு இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் எதுவானாலும் கேட்ட பிறகே. பரு மருந்தில் ஐசோட்ரெட்டினாயின் இருந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். கருவின் முகம், இதயம், மூளை வரை ஊனமாக்கக்கூடியது அது.

கர்ப்பம் தெரியாமல் ஏதாவது சாப்பிட்டிருந்தால், அதற்காகக் கருவைக் கலைக்கும் முடிவுக்கு நீங்களாகப் போகாதீர்கள். பெரும்பாலான மருந்துகளில் ஒன்றிரண்டு வேளையால் கேடு வருவதில்லை. மாத்திரை அட்டை, சாப்பிட்ட தேதிகள், கடைசி மாதவிடாய்த் தேதி மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். எந்த வாரத்தில் எது உள்ளே போனது என்று தெரிந்தால்தான் அவரால் சரியான பதில் சொல்ல முடியும்.