பழைய கணினியில் வீடியோ திக்காமல் ஓட

வீடியோ எப்படி நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். நடுவில் வட்டம் சுற்றி, படமும் ஒலியும் சேர்ந்தே நின்றால் இணைய வேகம் போதவில்லை. ஒலி சீராக ஓடும்போது படம் மட்டும் தாவித் தாவிப் போனால், ஃபிரேம்களை (வீடியோவின் தனித்தனிப் படங்களை) நேரத்துக்குள் தயார்செய்ய கணினியால் முடியவில்லை. முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். பழைய கணினிகளில் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகை.

இதற்காக எஸ்எஸ்டி வாங்க வேண்டாம். 4 ஜிபி அளவுள்ள 2 மணி நேரப் படத்துக்கு வினாடிக்கு 0.6 எம்பி அளவு படித்தாலே போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தரும். எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் சீக்கிரம் திறக்கும். படம் அதே இடத்தில்தான் திக்கும்.

விஷயம் கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையில் இருக்கிறது. எச்.264, எச்.265, விபி9, ஏவி1 எல்லாம் கோடெக்குகள். வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் சிப்பில் தனி மின்சுற்று உண்டு. அந்தச் சுற்றுக்குத் தெரிந்த கோடெக்கில் படம் இருந்தால் சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கும். தெரியாவிட்டால் மொத்தப் பாரமும் சிபியு தலையில். 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் சிப்புகளுக்கு எச்.264 தெரியும். எச்.265 ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. விபி9, 10 பிட் (நிறங்களை இன்னும் நுட்பமாகப் பதியும் வகை) எச்.265 இரண்டும் ஏழாம் தலைமுறையில். ஏவி1-க்குப் பதினோராம் தலைமுறை வேண்டும். ஆகவே 2011-ஆம் ஆண்டு ஐ3 லேப்டாப் 1080பி எச்.264 படத்தை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். அதே படம் எச்.265-இல் இருந்தால் மூச்சு வாங்கும். அளவு சிறிய கோப்பு இலகுவாக ஓடும் என்று நினைப்பது தவறு. ஒரு ஜிபிக்குள் 1080பி படம் கிடைத்தால் அது பெரும்பாலும் எச்.265, சுருக்கம் கூடக்கூட விரிக்கும் வேலையும் கூடும்.

எதையும் மாற்றுவதற்கு முன் டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' வரியைத் திறந்து பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை. விண்டோஸை மறுபடி போட்ட கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்து விஎல்சி பிளேயர். படம் ஓடும்போது கன்ட்ரோலும் ஜே-யும் அழுத்தினால் கோடெக் விவரம் வரும். 'டிகோடட் ஃபார்மட்' வரியில் 10 பிட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்; 10 பிட் எச்.264 படங்களைப் பல புதிய கிராபிக்ஸ் சிப்புகள்கூட ஏற்பதில்லை. பக்கத்து 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' பகுதியில் 'லாஸ்ட்' எண் ஏறிக்கொண்டே போனால் ஃபிரேம்கள் திரைக்கு வராமல் விடுபடுகின்றன. 'டூல்ஸ்', 'பிரிஃபரன்சஸ்', 'இன்புட் / கோடெக்ஸ்' போய் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்'கை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். படம் கறுப்பாகவோ பச்சையாகவோ வந்தால் அதே பட்டியலில் டிஎக்ஸ்விஏ 2.0-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சிபியுதான் ஓட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், அதே பக்கத்தில் எச்.264 லூப் ஃபில்டரை (படத்தில் கட்டங்கள் தெரியாமல் மழுப்பும் வேலையை) தவிர்க்கும் வரியில் 'ஆல்' கொடுங்கள். இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் ஓட்டம் சீராகும். மாற்றியபின் விஎல்சியை மூடித் திறக்க வேண்டும்.

யூடியூபில் வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்கள். கோடெக் வரி ஏவி01 அல்லது விபி09 என்று தொடங்கினால் பழைய சிப்புக்கு ஆகாது. ஏவிசி1 என்று இருக்க வேண்டும், அதுதான் எச்.264. உங்கள் பிரவுசருக்குக் கிடைத்தால், 'எச்264இஃபை' என்ற இலவச எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் எச்.264-ஐயே அனுப்பும். வினாடிக்கு 60 ஃபிரேம் வீடியோக்களைத் தடுக்கும் வசதியும் அதில் உண்டு. அதையும் போட்டுவிடுங்கள், பாதி வேலை மிச்சம். தரம் 720பி போதும். பழைய லேப்டாப்களின் திரை பெரும்பாலும் 1366-க்கு 768தான். 1080பி வைத்தால் இரண்டே கால் மடங்கு புள்ளிகளைப் பிரித்துவிட்டு மறுபடி சுருக்கிக் காட்ட வேண்டியிருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கையில் இருக்கும் எச்.265 படங்களை மாற்றிக்கொள்வதே உறுதியான வழி. வேகமான வேறு கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைத் திறந்து, 'ஃபாஸ்ட் 720பி30' பிரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ பகுதியில் என்கோடர் சாதாரண எச்.264 ஆகவே இருக்கட்டும், 10 பிட் வேண்டாம். தரத்துக்கு ஆர்எஃப் 21 முதல் 23 வரை போதும். 'ஃபாஸ்ட் டிகோட்' பெட்டியில் டிக் போடுங்கள். கோப்பு கொஞ்சம் பெருக்கும், ஆனால் கோர் 2 டியோ போன்ற சிப்புகளுக்கு அது பெரிய ஆறுதல். நெட்புக்கில் வரும் ஆட்டம் சிப் என்றால் 480பிக்கு இறங்கிவிடுங்கள்.

சூட்டுப் பிரச்சினைக்கு, லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, காற்று வெளியேறும் செப்புத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் படிந்திருக்கும் தூசுப் படலத்தை எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். பல வருடமாகத் திறக்காததென்றால், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லியதாகப் பூசுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் திக்கினால் சார்ஜரைப் பாருங்கள். ஒரிஜினல் இல்லாத சார்ஜரை அடையாளம் காணாத சில லேப்டாப்கள் சிபியுவை மிகக் குறைந்த வேகத்தில் பூட்டி வைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம், படம் ஓடும்போதும் 0.8 ஜிகாஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றால் இதுவாக இருக்கலாம்; வேறு சார்ஜர் மாட்டி அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.