ஸ்கேட் பிளேடு வெட்டுக்கு எதிரான காப்புகளை இடைவெளி இல்லாமல் அணிவது எப்படி?

ஐஸ் ஹாக்கி ஆடத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், பக்கை (ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டை) தடுக்கப் பாய்ந்து விழுந்த என் கையின் மேல் சக ஆட்டக்காரர் ஒருவரின் ஸ்கேட் (அடியில் பிளேடு பொருத்திய பனிச்சறுக்குக் காலணி) ஏறியது. கையுறை அணிந்திருந்தேன், முழங்கைக் காப்பும் இருந்தது. கையை முழுவதுமாக நீட்டும்போது மட்டும் இவ்விரண்டுக்கும் நடுவே திறந்துகொள்ளும் மணிக்கட்டில்தான் பிளேடு இறங்கியது. ஐந்து தையலோடு தப்பித்தேன். வெட்டைத் தாங்கும் துணி எது என்று தேடுவதற்கு முன், அந்தத் துணி எந்த நிலையில் உடலை விட்டு விலகுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். தலைக்கவசம், தோள் காப்பு போன்றவற்றை அணியத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதல் படி, ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிவது. ஸ்கேட் பிளேடின் அடிப்பகுதி தட்டையானதல்ல. நடுவே குழிவாகச் சாணை பிடிக்கப்படுவதால் இருபுறமும் இரண்டு கூரிய விளிம்புகள் உண்டு. முன்னோக்கி விழுபவரின் கால்கள் பின்புறம் மேலே எழும்போது, அவ்விளிம்புகள் அருகில் குனிந்திருப்பவரின் கழுத்து உயரத்துக்கு வந்துவிடுகின்றன. 1989 மார்ச்சில் அமெரிக்க அணியான பஃபலோ சேபர்ஸின் கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்து வெட்டுப்பட்டதும், 2008-இல் ஆட்டக்காரர் ரிச்சர்ட் செட்னிக்கின் கழுத்துத் தமனி அறுந்ததும், 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்த ஆடம் ஜான்சன் உயிரிழந்ததும் ஸ்கேட் பிளேடால்தான்.

இரண்டாம் படி, காப்பைத் தேர்ந்தெடுப்பது. விற்பனைக்கு வரும் கழுத்துக் காப்புகளில் பெரும்பாலானவை அராமிட் (கெவ்லர் போன்ற) இழையாலோ உயர்வலிமைப் பாலிஎத்திலீன் இழையாலோ நெய்யப்பட்டவை. அட்டையில் ஏ1 முதல் ஏ9 வரை ஒரு தரக்குறியீடு இருந்தால் அதைப் படியுங்கள். ஏ5 என்றால், சோதனைக் கருவியின் பிளேடு 20 மில்லிமீட்டர் நகர்ந்து துணியை அறுக்கக் குறைந்தது 2,200 கிராம் சுமை தேவைப்பட்டது என்று பொருள். ஆயினும் அச்சோதனையில் பயன்படுவது நேரான சிறு பிளேடு, வேகமாக வரும் ஸ்கேட் அன்று. ஆகவே இவை வெட்டைத் தாங்குபவையே தவிர, வெட்டே விழாது என்று உறுதியளிப்பவை அல்ல. கழுத்தைச் சுற்றும் வெறும் பட்டையை நான் பரிந்துரைப்பதில்லை. மார்பின் மேற்பகுதி வரை இறங்கும் துணிமடல் கொண்ட வகையே என் தேர்வு. சட்டையோடு சேர்த்துத் தைத்த வகை வசதியானதுதான். ஆனால் கழுத்துப்பகுதி தளர்ந்துவிட்டால் இறுக்கிக்கொள்ள வழியில்லை.

மூன்றாம் படி, அணிவது. இதில்தான் நான் இரண்டு மாதம் தவறு செய்தேன். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று வெல்க்ரோவை ஒட்டியபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் ஆடும்போது நாம் நிமிர்ந்து நிற்பதே இல்லை. முழங்காலை மடக்கி, முன்னால் குனிந்து, பக்கைப் பார்க்கத் தலையை உயர்த்தும்போது தொண்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. எனவே, முதலில் துணிமடலைத் தோள் காப்புக்கு அடியில் செருகுங்கள்; அதன் பிறகு ஆடும் நிலையில் குனிந்தபடியே வெல்க்ரோவை ஒட்டுங்கள். பின்னர் மண்டியிட்டும், குப்புறப் படுத்தும், தலையை இருபுறமும் திருப்பியும் பார்த்து, ஒவ்வொரு நிலையிலும் வேறொருவரைக் கொண்டு இடைவெளி உள்ளதா என்று சோதியுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் இருந்தால் அளவு தவறு. அதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பாதீர்கள், மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

மணிக்கட்டுக்கு, கட்டைவிரல் நுழையும் துளை கொண்ட வெட்டுத்தாங்கி உறையே வேண்டும். உறுத்துகிறது என்று அந்தத் துளையைப் பயன்படுத்தாமல் விட்டால், முதல் விழுதலிலேயே உறை முழங்கையை நோக்கிச் சுருண்டுவிடும். 2022-இல் ஆட்டக்காரர் எவாண்டர் கேனின் இடது மணிக்கட்டு வெட்டுப்பட்டதும் அவர் பனித்தளத்தில் விழுந்து கிடந்தபோதுதான்.

காலுறையைப் பொறுத்தவரை ஒன்றே சொல்வேன்: மடித்துவிடாதீர்கள். குதிகால் தசைநாணை ஸ்கேட்டின் பின்மடல் ஓரளவுக்குத்தான் மறைக்கிறது. அதற்கு மேலே கெண்டைக்கால் வரை காலுறைதான் காப்பு. 2013-இல் ஸ்கேட் பிளேடு பட்டு ஆட்டக்காரர் எரிக் கார்ல்சனின் குதிகால் தசைநாண் ஏறத்தாழ 70 விழுக்காடு அறுபட்டது.

இறுதிப் படி, காப்பு தோற்றால் செய்ய வேண்டியது. கழுத்தில் இரத்தம் பீறிட்டால் அந்த இடத்திலேயே, கிடைக்கும் துணியாலோ வெறும் விரல்களாலோ அழுத்திப் பிடித்து, அவசர உதவி வரும் வரை கையை எடுக்காதீர்கள். நின்றுவிட்டதா என்று விலக்கிப் பார்க்கவும் வேண்டாம், கழுத்தைச் சுற்றிக் கட்டுப் போடவும் வேண்டாம். வியட்நாம் போரில் இராணுவ மருத்துவ உதவியாளராகப் பணியாற்றிய அணியின் உடல்நலப் பராமரிப்பாளர் ஜிம் பிசுடெல்லி, அறுந்த இரத்தக் குழாயை விரல்களால் அழுத்திப் பிடித்ததால்தான் மலார்ச்சுக் பிழைத்தார். கை, கால்களில் அழுத்தியும் நிற்காத பெருக்கு என்றால், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது படாமல் டூர்னிகெட்டை (இரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கும் பட்டையை) இறுக்கி, இறுக்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். டூர்னிகெட் உடைமாற்றும் அறையில் அல்லாமல் ஆட்டக்காரர் இருக்கைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: கழுத்துக் காப்பு கட்டாயமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பன்னாட்டு ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு தன் போட்டிகளில் அனைத்து நிலைகளிலும் கட்டாயமாக்குவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் இளையோர், ஜூனியர் பிரிவுகளுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். உங்கள் சங்கத்தின் விதி எதுவாக இருந்தாலும் அணியுங்கள்.

பின்சேர்க்கை 2: துவைப்பதைப் பற்றி எழுத மறந்துவிட்டேன், நாற்றம் போக ப்ளீச்சில் ஊறவைத்ததாக ஒரு வாசகர் எழுதிய பிறகே நினைவுக்கு வந்தது. குளோரின் ப்ளீச்சும் கடும் வெயிலும் அராமிட் இழையை நலிவடையச் செய்யும். பாலிஎத்திலீன் இழைக்கு உலர்த்தி இயந்திரத்தின் சூடு ஆகாது. குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பால் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஒருமுறை பிளேடு பட்ட காப்பு வெளியே முழுதாகத் தெரிந்தாலும், உள்ளே இழை அறுந்திருக்கலாம் என்பதால் அதை மீண்டும் அணிய வேண்டாம்.