பாடப்புத்தக கியூஆர் கோடை வீட்ல எப்படி யூஸ் பண்றது

நம்ம தமிழ்நாடு அரசு பாடப்புத்தகத்துல 2018ல இருந்தே பாடத்துக்கு பக்கத்துல கியூஆர் கோட் வருது, ஆனா பாதி வீட்ல அதை யாரும் தொடுறதே இல்ல. ப்ளே ஸ்டோர்ல தீக்‌ஷா ஆப் இன்ஸ்டால் பண்ணுங்க, இலவசம்தான், லாகின் பண்ணாமலே பாக்கலாம். மொழி, போர்டு, கிளாஸ் செலக்ட் பண்ணிட்டு ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்தோட வீடியோ, கேள்வி எல்லாம் வரும். கோட் கசங்கிப்போய் ஸ்கேன் ஆகலியா, அதுக்கு கீழ எழுத்தும் நம்பரும் கலந்து 6 இடத்துல ஒரு கோட் இருக்கும் பாருங்க, அதை ஆப்ல டைப் பண்ணாலே போதும்.

முக்கியமான விஷயம் டவுன்லோட். அப்பா போன் வீட்ல இருக்குற நேரத்துல நெட் இருக்காது, நெட் இருக்குற நேரத்துல போன் இருக்காது, அதனால வைஃபை கிடைக்கிற இடத்துல வாரத்துக்கு வேண்டிய பாடத்தை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சிருங்க, அப்புறம் நெட் இல்லாமலே ஓடும். மெமரி ஃபுல்லானா பழசை டெலீட் பண்ணுங்க.

சின்னப் பசங்ககிட்ட போனைக் குடுத்துட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா அடுத்த நிமிஷம் கேம்தான் (சத்தியமா). கூட உக்காந்து நடுவுல நிறுத்தி "இப்ப என்ன சொன்னாங்க?"னு கேளுங்க. பத்தாவது பசங்களுக்கு வீடியோவை விட கடைசில வர்ற கேள்விங்கதான் யூஸ், தப்பானதை நோட்ல எழுதி மறுநாள் டீச்சர்கிட்ட கேக்கச் சொல்லுங்க.