லிஸ்டீரியாவைக் கொன்றது யார்? மேக்ரோபேஜ் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த பெண் லேப்டாப்போடு ஓடி வந்தாள். "அண்ணா, இன்டர்ஃபெரான் காமா கொடுத்த செல்லுல லிஸ்டீரியா பத்துல ஒரு பங்காயிடுச்சு!" லிஸ்டீரியா செல்லுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா, மேக்ரோபேஜ் கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்பு செல், இன்டர்ஃபெரான் காமா அந்தச் செல்லைத் தூண்டும் புரதம். வரைபடத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதே படத்தை வைத்துக்கொண்டு நானும் ஆறு மாதம் கொண்டாடியிருக்கிறேன்.

ஊடகத்தில் பென்சிலின் கலந்திருந்தது, லேபிள் மாறிப்போனது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே பிடிபட்டுவிடும்.

ஜென்டமைசினை நம்பி உட்கார்ந்திருப்பது

செல்லுக்குள் புகுந்த கிருமியை மட்டும் எண்ண வேண்டுமென்றால் வெளியே இருப்பதைக் கொன்றாக வேண்டும். அதற்குத்தான் ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக். செல்சவ்வை அது லேசில் தாண்டாது என்பதால் உள்ளே இருப்பவை தப்பிக்கும். அப்புறம் டிரைட்டான் என்ற சோப்பு மாதிரியான திரவத்தை ஊற்றிச் செல்லை உடைத்து, தட்டில் பரப்பி, மறுநாள் காலனிகளை (உயிரோடிருந்த கிருமிகள் வளர்ந்து உண்டாக்கும் புள்ளிகளை) எண்ணுவோம்.

"லேசில் தாண்டாது" என்பதில்தான் வினை. சுற்றியிருக்கும் திரவத்தை ஓயாமல் விழுங்குவதே மேக்ரோபேஜின் பிழைப்பு. திரவத்தோடு மருந்தும் உள்ளே போகும், மணிக்கணக்கில் சேரும். இன்டர்ஃபெரான் காமாவால் தூண்டப்பட்ட செல் இன்னும் பேராசையாக விழுங்கும். ஆக, கிருமியைக் கொன்றது நாம் ஊற்றிய மருந்து. பெயர் தட்டிக்கொண்டு போவது நோயெதிர்ப்பு.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது என்னவென்றால், இந்தப் பொய் நாம் எதிர்பார்த்த திசையிலேயே வரும். லிஸ்டீரியாவிடமிருந்து எலியைக் காப்பது ரத்தச்சீரம் அல்ல, தூண்டப்பட்ட மேக்ரோபேஜ்தான் என்று ஆராய்ச்சியாளர் மெக்கனஸ் 1962-லேயே காட்டிவிட்டார். கிருமி தன் நச்சான லிஸ்டீரியோலைசினால் பேகோசோமை (விழுங்கிய கிருமியை அடைத்து வைக்கும் பையை) துளைத்து சைட்டோசாலுக்கு (செல்லின் உட்திரவத்துக்கு) தப்புவதைத் தூண்டப்பட்ட செல் தடுக்கும் என்பதும் உண்மை. பாடப்புத்தகம் சொன்னபடியே விடை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

நான் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஜென்டமைசினை 6 மணி நேரமும் அப்படியே விட்டிருந்தேன். ஆய்வகக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "மருந்தே போடாம, மணிக்கொரு தடவை கழுவி மட்டும் பாத்தியா?" பார்க்கவில்லை. பார்த்தபோது பத்து மடங்கு வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. அச்சடித்த போஸ்டர் குப்பைக்குப் போனது.

அதிலிருந்து என் வழக்கம் இதுதான்: அரை மணி நேரம் கூடுதல் அளவு, நன்றாகக் கழுவல், பிறகு 5 மைக்ரோகிராம். பக்கத்திலேயே மருந்தில்லாத ஒரு வரிசை. இந்த வரிசை இரவு முழுக்கத் தாங்காது, வெளியே கிருமி பெருகிவிடும். முதல் சில மணி நேரத்துக்குத்தான்.

செத்த செல்லைக் கணக்கில் எடுக்காதது

செல் வெடித்தால் கிருமி வெளியே வரும், மருந்தில் சாகும், காலனி குறையும். "மேக்ரோபேஜ் கொன்றது" என்று நோட்டில் எழுதிவிடுவோம். செல்லுக்குள் வாழும் இன்னொரு பாக்டீரியாவான சால்மொனெல்லாவில் இது இன்னும் மோசம். வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் கல்ச்சரை எடுத்தால் செல்லின் காஸ்பேஸ்-1 என்ற நொதி கிளம்பி, சில மணி நேரத்தில் செல்கள் பைரோப்டோசிஸ் என்ற வகைச் சாவில் வெடித்துப் போகும். ஊடகத்தில் எல்டிஎச் (செல் உடைந்தால் வெளியே கசியும் நொதி) அளந்துவிடுங்கள். அதற்கும் முன்னால் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வையுங்கள். செல் வளரும் தட்டுக்குழியின் தரை பாதி காலியாகக் கிடந்தால் காலனியை எண்ணிப் பயனில்லை.

சூட்டில் கொன்ற கிருமியோடு ஒப்பிடுவது

செத்தது பேகோசோமைவிட்டு வெளியே வராது. சைட்டோசாலில் இருக்கும் உணர்விகளும், தொற்றுள்ள செல்லைக் கொல்லும் சிடி8 டி-செல்களும் கவனிப்பது வெளியே வந்ததைத்தான். ஒப்பிட, லிஸ்டீரியோலைசின் இல்லாத உயிருள்ள திரிபை (மரபணு மாறிய வகையை) வாங்கி வையுங்கள்.

30 டிகிரியில் வளர்ப்பது

லிஸ்டீரியாவுக்குக் கசையிழை (நீந்த உதவும் வால்) முளைக்கும். 37 டிகிரியில் வளருங்கள்.

ஓடி (OD, திரவத்தின் கலங்கலை வைத்துக் கிருமியைக் கணக்கிடும்) அளவை நம்புவது

தட்டில் பரப்பி எண்ணுங்கள்.

அந்தப் பெண்ணின் நோட்டைப் புரட்டினேன். 50 மைக்ரோகிராம், 6 மணி நேரம், என் கையெழுத்தில் இல்லை என்பதுதான் வித்தியாசம். நேற்று மருந்தில்லாத வரிசை ஒன்று வைத்தாள். தட்டுகள் இன்குபேட்டரில் இருக்கின்றன, காலையில் எண்ண வேண்டும். போஸ்டரை மட்டும் இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லையாம்.